ஆல்டர்மியர் மடத்து மூன்று சிவப்புத் தையல்

ஆல்டர்மியர் மடத்தின் கதையை யார் சொன்னாலும் அதைக் கட்டிய பெல்காம் துரை வந்துவிடுவார், அவருடைய வாளும் குதிரையும் வந்துவிடும், மடாதிபதிகள் வரிசை கட்டி வருவார்கள், கோபுரத்து மணியை வார்த்த கொல்லன்கூட வருவான். ஆற்றில் விழுந்த துறவியை இழுத்துக் கரை சேர்த்த பன்றி ஒன்று உண்டு, அதுவும் வரும். குன்னில்டா வரமாட்டாள். அந்த மடத்தில் இருந்த அறுபது பேருடைய அழுக்கையும் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் துவைத்தவள் அவள். பன்றிக்குக் கிடைத்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு அவளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். துரைகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் மழை தூறிக்கொண்டே இருக்கும் இங்கிலாந்து தேசத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது, பள்ளத்தாக்கில் ஓர் ஓடை இருந்தது, ஓடைக்கு மேலே கல்லால் கட்டிய ஒரு மடம் இருந்தது. அந்த மடத்துத் துறவிகள் வெள்ளைக் கம்பளி அங்கிதான் உடுத்துவார்கள். மனசு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாம். நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளை உடுத்துவது என்று கூடி முடிவெடுத்தவர்களில் ஒருவர்கூடத் துவைக்கப் போகிறவர் இல்லை.

துவைத்தவர்கள் ஏழு பெண்கள். அந்த ஏழு பேருக்கும் தலைவி குன்னில்டா. மடத்துக்குள் பெண் கால் வைக்கக் கூடாது என்று விதி, அதனால் அழுக்கு மூட்டை வாசலுக்கு வெளியே வரும், வெளுத்த மூட்டை வாசலோடு உள்ளே போகும். வாசலில் வில்கின் என்று ஒரு கிழத் துறவி காவல் இருந்தார். மற்றத் துறவிகள் மௌனம் காக்க வேண்டும், வாசல்காரர் மட்டும் பேசலாம், அதுவும் மடாதிபதி அனுமதித்த வாசல் சேதியை மட்டும். பேசக் கூடாத நேரத்தில் துறவிகள் விரலால் பேசிக்கொள்வார்கள். ரொட்டிக்கு ஒரு சைகை, மீனுக்கு ஒரு சைகை, மடாதிபதி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஓடைக்கரையில் பெண்கள் துவைத்து உலர்த்திய புல்வெளிக்கு ஓடைத்திடல் என்று பெயர். அது சும்மா புல்வெளி இல்லை. நம் ஊரில் பூந்திக்கொட்டை இருக்கிறதே, தண்ணீரில் போட்டுக் கசக்கினால் நுரை வருமே, அதுபோல அவர்களுக்கு ஒரு செடி. வெளிர் ரோஜா நிறத்தில் பூக்கும். வேரை இடித்துத் தண்ணீரில் அலசினால் பால் பொங்குவது மாதிரி நுரை பொங்கும். சாம்பல் காரத்தில் போட்டால் கம்பளி சுருங்கிப் பாழாகிவிடும், இந்த நுரையில் போட்டால்தான் பஞ்சு மாதிரி இருக்கும். அந்த நுரைச்செடி அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடைத்திடலின் கறுப்பு மண்ணைத் தவிர வேறெங்கும் முளைக்கவில்லை.

அந்தத் திடல் பெண்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பெல்காம் வீட்டு ஹவிஸ் துரைசாணிக்கு விஷக் காய்ச்சல் வந்தது. வைத்தியன் ஓடினான், வேலைக்காரி ஓடினாள், கட்டிய புருஷனும் வேட்டைக்குப் போகிறேன் என்று ஓடினான். குன்னில்டாவின் அம்மா மட்டும் நாற்பது நாள் தினமும் வந்து, துரைசாணியின் படுக்கைத் துணியை எடுத்துப் போய்த் துவைத்துக் காயவைத்துத் திரும்பக் கொண்டு வந்து விரித்தாள். துரைசாணி பிழைத்தாள். பிழைத்து எழுந்ததும் சொன்னாள்: "என் சீதனத்திலே வந்த நிலம் அந்த ஓடைத்திடல். அதைத் துவைக்கிற பெண்களுக்குக் கொடுக்கிறேன். உலகத்திலே அழுக்கு இருக்கிற வரைக்கும் அது அவங்களோடது."

அந்தக் காலத்தில் நிலத்தைக் கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. அந்த நிலத்திலிருந்து புல்லும் வேருமாக ஒரு மண்கட்டியை வெட்டி எடுத்து, சாட்சிகள் பார்க்க, கோயில் பலிபீடத்தின்மேல் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் கொடுத்தாயிற்று. அந்த மண்கட்டியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். எழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம், மண்ணே பத்திரம்.

துரைசாணி தன் கையால் மண்கட்டியை வெட்டினாள். எதில் சுற்றுவது என்று தேடியபோது, காய்ச்சலில் தான் தலை வைத்துக் கிடந்த தலையணை உறையையே எடுத்தாள். அவள் துரைசாணியாக இருந்தாலும் பெண்தானே, அவளும் மடத்துக்குள் போக முடியாது. வாசலில் நின்று, அப்போது இளந்துறவியாக இருந்த வில்கின் கையில் கொடுத்தாள், அவர் கொண்டுபோய்ப் பலிபீடத்தில் வைத்தார், பிறகு பெட்டியில் வைத்தார். பின்னால் துரைசாணி செத்ததும் பெட்டியை அவள் கல்லறைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார்கள். செத்தால் உள்ளே போகலாம், அதற்கு விதி தடுக்கவில்லை. மண்கட்டி வாசலில் கை மாறிய அன்றைக்கு அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயசுக் குன்னில்டா நின்றாள், எல்லாவற்றையும் பார்த்தாள்.

வருஷங்கள் ஓடின. துரைசாணியின் பேரன் ரானுல்ஃப் பெல்காம் துரையானான். ரானுல்ஃபுக்கு ஓர் ஆசை வந்தது. பக்கத்து ஊர்த் துரை வீட்டில் பெரிய மீன்குளம் இருந்தது, தனக்கும் ஒன்று வேண்டும். எங்கே வெட்டலாம்? வெட்டவே வேண்டாம், ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி மதகை அடைத்தால் ஓடைத்திடல் தானாகவே குளமாகிவிடும்.

மடாதிபதி ஓஸ்பெர்ட்டிடம் போனான். "சாமி, மடத்திலே இறைச்சி சாப்பிடக் கூடாது. வருஷம் முழுக்க அவரைக்காயும் ரொட்டியும்தானே. என் குளத்திலே பாதி மீன் உங்களுக்கு."

மடாதிபதிக்கு நாக்கில் நீர் ஊறியது. "திடல் அந்தப் பொம்பளைங்களுக்குக் கொடுத்ததுன்னு ஒரு பேச்சு இருக்கே, துரை."

"என் அப்பத்தா கொடுத்தது முயல்மேட்டை. திடலை இல்லை."

முயல்மேடு என்பது ஊருக்கு மேலே இருந்த செம்மண் மேடு. அங்கே இருக்கும் முயல்கூடத் தண்ணீர் குடிக்கக் கீழேதான் வரும். மடாதிபதிக்கு இது தெரியாதா? தெரியும். மீன் அதைவிட நன்றாகத் தெரிந்தது.

அணை எழும்பியது. குன்னில்டா வாசலுக்குப் போனாள்.

முதல் தரம் போனாள். "வில்கின் ஐயா, மடாதிபதி சாமிகிட்ட சொல்லுங்க. திடல் எங்களுக்குக் கொடுத்தது. மண் உள்ளேதான் இருக்கு, பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க." வில்கின் உள்ளே போனார், வந்தார். "நோன்பு நடக்குதாம், தாயி. நோன்பிலே பெட்டியெல்லாம் திறக்கிறதில்லையாம்."

அந்த வாரமே ரானுல்ஃப் துரை தன் அப்பத்தா கல்லறையில் ஜெபம் செய்ய வேண்டும் என்று மடத்துக்கு வந்தான். நடுப்பகலில், துறவிகள் எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தான். ஜெபம் செய்ய வருகிறவன் மேலங்கிக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தான். முயல்மேட்டில் வெட்டி, ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துக் காயவைத்த செம்மண் கட்டி அது. பெட்டியைத் திறந்தான், உள்ளே இருந்த கறுப்பு மண்கட்டியை எடுத்தான், செம்மண் கட்டியை வைத்தான். புது மண்ணைப் புதுத் துணியில் வைத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்துப் பழைய துணியாலேயே சுற்றி வைத்தான். மகா கெட்டிக்காரன் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

பிறந்ததிலிருந்து அவன் எத்தனையோ துணியை அழுக்காக்கியிருக்கிறான். ஒன்றையாவது கண் கொண்டு பார்த்திருக்கிறானா? அங்கேதான் அவன் விழுந்தான். மேலே கேளுங்கள்.

குன்னில்டா இரண்டாம் தரம் போனாள். "நோன்பு முடிஞ்சுதே ஐயா, பெட்டியைப் பார்த்தாங்களா?" வில்கின் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பார்த்தாங்களாம். உள்ளே இருக்கிறது செம்மண்ணாம். அதனாலே உங்களுக்குக் கொடுத்தது முயல்மேடுதானாம்."

குன்னில்டாவுக்குக் காதில் விழுந்தது புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவள் அழவில்லை. திடலுக்குத் திரும்பி, அன்றைக்குத் துவைக்க வேண்டிய துணியைத் துவைத்தாள். கை துவைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். யோசித்தாள்.

மூன்றாம் தரம் போனாள். "ஐயா, சாமிகிட்ட நான் நேரிலே பேசணும்." வில்கின் போனார், வந்தார். முகம் வாடியிருந்தது. "தாராளமா உள்ளே வந்து சபையிலே பேசச் சொல்லுங்கன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க, தாயி."

"சிரிச்சாங்களா? சரி. ஒரே ஒரு கேள்வி. அந்தச் செம்மண்ணை எதிலே சுத்தி வச்சிருக்கு?"

வில்கின் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இதைச் சொல்ல மடாதிபதி அனுமதி தரவில்லை. ஆனால் விரலுக்கு யாரும் பூட்டுப் போடவில்லையே. முதலில் தன் அங்கியின் முனையைப் பிடித்துக் காட்டினார், பிறகு மூன்று விரலை நீட்டினார், பிறகு குளிரில் சிவந்திருந்த தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

துணி. மூன்று. சிவப்பு.

குன்னில்டாவின் முகம் மலர்ந்தது. யார் வீட்டுத் துணி எது என்று தெரிவதற்குத் துவைக்கிறவர்கள் ஒரு குறி போடுவார்கள், நம் ஊரிலும் உண்டு. பெல்காம் வீட்டுத் துணிக்கு அவளுடைய அம்மா போட்ட குறி, மூலையில் மூன்று சிவப்புத் தையல்.

"மண்ணை மாத்தின புண்ணியவான் துணியை விட்டுட்டுப் போயிருக்கான்," என்றாள். "ஐயா, நான் உள்ளே வர முடியாது. அதனாலே அவங்க வெளியே வருவாங்க."

"எப்படி?" என்றது வில்கினின் புருவம்.

"சட்டை இல்லாம எத்தனை நாள் இருப்பாங்க?" என்றாள் குன்னில்டா.

மடத்தைக் கட்டிய முதல் பெல்காம் துரைக்காக வருஷா வருஷம் வசந்தகாலத்தில் பெரிய திருப்பலி நடக்கும். அந்த வருஷம் அன்றைக்கு உச்சி வேளையில் மதகை அடைத்துக் குளத்தைத் தொடங்குவது என்று ரானுல்ஃப் நாள் குறித்திருந்தான். விருந்தாளியாக ராஜாவின் நீதிபதி ஹாமோ வந்திருந்தார். ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்கிறவர், பருத்த உடம்பு, கடுகடுத்த முகம், யாருக்கும் பயப்படமாட்டார், ஈரத் துணிக்கு மட்டும் பயப்படுவார். வழியெல்லாம் மழை, அவருடைய ஐந்து சட்டையும் சேறு. ஐந்தும் முந்தின நாளே குன்னில்டாவிடம் வந்துவிட்டன.

விடிந்தது. நீதிபதி சட்டை கேட்டார். வில்கின் வாசலில் நின்று கேட்டார்.

"துவைச்சாச்சு, வெளுத்தாச்சு, திடல்லே விரிச்சாச்சு," என்றாள் குன்னில்டா. "வேணும்னா அவரே வந்து எடுத்துக்கட்டும். திடல் யாரோடதுன்னு தெரியாம அதிலேருந்து ஒரு துணியையும் நாங்க எடுக்கிறதா இல்லை."

மறுபடி கேட்டு அனுப்பினார், அதே பதில் வந்தது. மூன்றாவது தடவை கேட்டு அனுப்புவதற்குள் அங்கே மதகை அடைத்துவிட்டார்கள். உச்சி வேளைவரை பொறுக்க ரானுல்ஃபால் முடியவில்லை. தண்ணீர் புல்லுக்குள் ஊர ஆரம்பித்தது.

வில்கின் ஓடிப்போய்ச் சொன்னார்: "ஐயா, உங்க சட்டைப் பக்கம் தண்ணி வருது."

நீதிபதி ஹாமோ வந்தாரே பார்க்கணும். சட்டை இல்லாததால் யாரோ ஓர் ஒல்லித் துறவியின் அங்கியை மாட்டியிருந்தார், அது முழங்காலோடு நின்றுவிட்டது, மீதி எல்லாம் நீதிபதி. ராஜாவின் நீதிபதி அந்தக் கோலத்தில் ஓடுவதைப் பார்த்து என்ன ஆபத்தோ என்று மடாதிபதி பின்னால் ஓடினார், மடாதிபதி ஓடுவதைப் பார்த்து ரானுல்ஃப் ஓடினான், அவன் பின்னால் திருப்பலிக்கு வந்திருந்த ஊரே ஓடியது.

திடலின் தாழ்ந்த ஓரத்தில் ஐந்து வெள்ளைச் சட்டைகள் கையை விரித்துப் படுத்திருந்தன. தண்ணீர் முதல் சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. ஏழு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எடு, எடுத்துத் தொலையேன் பொம்பளை," என்றார் நீதிபதி.

"எடுத்தா, இது எங்க இடம் இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ஐயா. உங்க சட்டை படுத்திருக்கிற இடம் யாரோடதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. எங்களோடதுன்னா நாங்க எடுக்கிறோம். துரையோடதுன்னா, அவர் தண்ணி, அவர் இடம், அவரே எடுத்துத் தரட்டும்."

நீதிபதி சட்டையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், ரானுல்ஃபைப் பார்த்தார். "மதகைத் திற. விசாரிச்சு முடியற வரைக்கும் ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரக் கூடாது."

மதகு திறந்தது. தண்ணீர் பின்வாங்கியது. பெட்டியை வெளியே எடுத்து வந்தார்கள். குன்னில்டா எந்தக் கல்லில் அடித்துத் துவைப்பாளோ அந்தக் கல்லின்மேல் வைத்தார்கள், சமமான இடம் வேறு அங்கே இல்லை.

நீதிபதி பெட்டியைத் திறந்தார், துணியைப் பிரித்தார், மண்ணைப் பார்த்தார். "செம்மண். இந்தத் திடல் மண் கறுப்பு. உனக்குக் கொடுத்தது மேடுதான்னு ஆகுதே, அம்மா."

"நான் சொன்னேனே," என்றான் ரானுல்ஃப். "துவைக்கிறவளுக்கு வழக்கு ஒரு கேடா?"

"மண்ணைப் பார்த்துட்டீங்க, ஐயா," என்றாள் குன்னில்டா. "துணியை யாரும் பார்க்கலை."

"துணியிலே என்ன இருக்கு?" என்று ரானுல்ஃப் சிரித்தான்.

"அதைப் பார்த்திருந்தா இன்னிக்கு நீங்க இங்கே நிக்க மாட்டீங்க, துரை."

முதலில் துணியின் மூலையைக் காட்டினாள். மூன்று சிவப்புத் தையல். "எங்கம்மா போட்ட குறி. ஹவிஸ் துரைசாணியோட தலையணை உறை. இதிலேதான் அவங்க மண்ணைச் சுத்தினாங்க. துரை, இது உங்க வீட்டுத் துணிதானே?"

ரானுல்ஃப் யோசித்தான். இல்லை என்றால் பெட்டியே பொய்யாகிவிடும். "ஆமா, அப்பத்தாவோடதுதான். அதிலே அவங்க சுத்தின மண்தான் இது. முப்பத்து மூணு வருஷமா உள்ளேயே இருந்தது."

"நல்லாச் சொன்னீங்க," என்று குன்னில்டா துணியை இரண்டு முனையிலும் பிடித்து ஒரே ஒரு உதறு உதறினாள். செம்மண் பொடி எல்லாம் பறந்து போய்விட்டது. துணியின் நடுவில் தெரிந்தது ரொட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கறை, அதைச் சுற்றிப் புல்லின் பச்சை கருகிப் பழுப்பாகிப்போன கோடு. விரல் நகத்தால் சுரண்டினாள், போகவில்லை.

"முப்பத்து மூணு வருஷம் கூட இருந்த மண் ஒரு உதறலிலே போயிடுச்சு. கூட இல்லாத மண் இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு. இது எப்படி, ஐயா?"

நீதிபதி குனிந்து பார்த்தார். கடுகடுப்பு கொஞ்சம் குறைந்தது. "மேலே சொல்லு."

"மூணு தொட்டி வைக்கிறோம். தண்ணியை உங்க ஆளே மடத்துக் கிணத்திலேருந்து கொண்டு வரட்டும். தொட்டியை உங்க ஆளே கழுவட்டும்."

மூன்று தொட்டிகளிலும் நீதிபதியின் வேலையாள் தண்ணீர் ஊற்றினான். முதல் தொட்டியில் பெட்டியில் இருந்த மண்கட்டியில் பாதியைக் கரைத்தார்கள். கலக்கினார்கள். சிவப்புச் சேறு. இரண்டாவது தொட்டியில் முயல்மேட்டிலிருந்து ஆளை விட்டு எடுத்துவந்த மண்ணைக் கரைத்தார்கள். கலக்கினார்கள். அதே சிவப்புச் சேறு, இரண்டின் அடியிலும் ஒரே மாதிரிச் சுண்ணாம்புக்கல் தங்கியது. மூன்றாவது தொட்டியில் குன்னில்டா தலையணை உறையைப் போட்டாள். கறை இருந்த இடத்தைப் பிடித்து இரண்டு கையாலும் கசக்கினாள்.

ஒன்றும் வரவில்லை.

ரானுல்ஃப் வாயைத் திறந்தான். குன்னில்டா நிறுத்தவில்லை. மறுபடி கசக்கினாள், தண்ணீர் மங்கியது. மூன்றாம் தரம் கசக்கினாள். இழையோடு இழையாக ஒட்டிக் காய்ந்து கிடந்த வேர்த்துணுக்குகள் ஊறிவிட்டன போலும், முதலில் விரலிடுக்கில் நாலு குமிழ் வந்தது, பிறகு மணிக்கட்டு மறைந்தது, பிறகு தொட்டியின் விளிம்புக்கு மேலே வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி நின்றது. காற்று அடித்தது. ஒரு துண்டு நுரை பறந்து போய் ரானுல்ஃபின் வெல்வெட் தொப்பியில் உட்கார்ந்தது.

மற்ற ஆறு பெண்களும் சிரித்தார்கள். பின்னால் ஊர் சிரித்தது. துறவிகள் மௌனம் காக்கிறவர்கள், தோள் மட்டும் குலுங்கியது.

ரானுல்ஃப் விடவில்லை. "நுரையிலே துவைச்ச துணியிலே நுரை வராம என்ன வரும்? முன்னாலே துவைச்சப்போ தங்கினது."

"துரை, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க," என்றாள் குன்னில்டா. "எங்கம்மா துணியை அலசாம கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. கறை பட்ட இடத்தை மட்டும்தான் கசக்கினேன். இப்போ கறை இல்லாத முனையை நீங்களே கசக்குங்க. வாங்க."

அவன் வரவில்லை. நீதிபதி வந்தார். அங்கிக் கையை மடித்துக்கொண்டு, நான்காவது தொட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கறையில்லாத முனையை முக்கி ராஜாவின் நீதிபதி தன் கையாலேயே கசக்கினார். எவ்வளவு கசக்கியும் ஒரு குமிழ்கூட வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மடாதிபதி பக்கம் திரும்பினார்.

"இந்த மண்ணைப் பலிபீடத்திலே வச்சது யாரு?"

மடாதிபதி ஓஸ்பெர்ட் வானத்தைப் பார்த்தார். வில்கின் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"இவரா? பேசும், ஐயா."

"என் அனுமதி இல்லாம அவர் பேசக் கூடாது," என்றார் மடாதிபதி.

"அப்போ அனுமதி கொடுங்க. இல்லேன்னா ஏன் கொடுக்கலைன்னு ராஜாகிட்ட நீங்களே வந்து பேசுங்க."

மடாதிபதி தலையசைத்தார். முப்பத்து மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததை வில்கின் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"துரைசாணி அம்மா என் கையிலேதான் கொடுத்தாங்க. கறுப்பு மண். அடியிலே வேர் தொங்கிச்சு, ஓரத்திலே ரெண்டு ரோஜாப்பூ நிறத்துப் பூ இருந்துச்சு. ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டு போய் வச்சேன். நோன்பு வாரத்திலே இந்தத் துரை ஜெபத்துக்கு வந்தாரு. வரும்போது மேலங்கி ஓரத்திலே செம்மண் இருந்துச்சு. போகும்போது கறுப்பு மண் இருந்துச்சு. கதவைத் திறந்து விடுறவன் நான், ஓரத்தைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை."

"அந்த மேலங்கி எங்கே?" என்றார் நீதிபதி.

"என்கிட்டதான் துவைக்க வந்துச்சு," என்றாள் ஏழு பேரில் கடைசியாக நின்ற பெண். "பையிலே காஞ்ச வேர் கெடந்துச்சு. எதுக்குத் துரை வேரை வச்சிருக்காருன்னு பார்த்து, இடிச்சு அதிலேயே அவர் மேலங்கியைத் துவைச்சுட்டேன்."

ரானுல்ஃப் தொப்பியைக் கழற்றி அதில் இருந்த நுரையைத் துடைத்தான்.

நீதிபதி தீர்ப்புச் சொன்னார். திடல் பெண்களுக்கு. அணையை ரானுல்ஃப் தன் ஆட்களைக் கொண்டு சாயங்காலத்துக்குள் இடிக்க வேண்டும். பெட்டியில் வைக்கப் புது மண்கட்டி வேண்டும், அதைப் பெல்காம் துரை முட்டி போட்டுத் தன் கையால் வெட்ட வேண்டும். துணியைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்காக, வருஷா வருஷம் இதே நாளில் பெல்காம் வீட்டுத் தலைமகன் இந்தத் திடலுக்கு வந்து தன் சட்டையைத் தானே துவைக்க வேண்டும்.

ரானுல்ஃப் முட்டி போட்டான், வெட்டினான். குன்னில்டா அதை அதே தலையணை உறையில் வாங்கிக்கொண்டாள்.

"இதைப் பலிபீடத்திலே வைக்கணும்," என்றார் நீதிபதி.

"கொடு, வில்கின் கொண்டு போகட்டும்," என்றார் மடாதிபதி.

"போன தடவை அப்படிக் கொடுத்துத்தான் இப்படி ஆச்சு, சாமி. இந்தத் தடவை நானே வைக்கிறேன்."

"பெண் உள்ளே வரக் கூடாது. அது விதி. நீதிபதியாலேகூட மாத்த முடியாது."

"நான் உள்ளே வரலை, சாமி," என்றாள் குன்னில்டா. "பிரயாணத்திலே பூசை வைக்கிறதுக்குன்னு நீங்க ஒரு சின்னப் பலிபீடக் கல் வச்சிருக்கீங்களே, கையிலே தூக்கற மாதிரி? அதன்மேல் விரிக்கிற துணியை வாராவாரம் நான்தானே துவைக்கிறேன். அதை எடுத்துக்கிட்டு வாங்க. ஆண்டவர் வாசலைத் தாண்டி வெளியே வரக் கூடாதுன்னு விதி இருக்கா?"

அப்படி ஒரு விதி இல்லை. தேடிப் பார்த்தார், இல்லை.

மடாதிபதி போனார், பலிபீடக் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். துவைக்கிற கல்லின்மேல் அதை வைத்தார்கள். வெள்ளை அங்கி போட்ட அறுபது துறவிகளும் வெளியே வந்து வரிசையாக நின்றார்கள், பெல்காம் குடும்பம் நின்றது, ராஜாவின் நீதிபதி முழங்கால் அங்கியில் நின்றார், கோபுரத்து மணி அடித்தது. நுரைத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்த இரண்டு கையாலும் குன்னில்டா மண்கட்டியைத் தூக்கி, பலிபீடத்தின்மேல் தானே வைத்தாள். வைத்துவிட்டு நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"இப்போ நாங்களே எடுத்துத் தர்றோம் உங்க சட்டையை. காஞ்சிருக்கும்."

அணை உடைந்தது, ஓடை நடந்தது, சட்டை காய்ந்தது, நான் சொல்ல வந்தது முடிந்தது. ரானுல்ஃப் ஒன்பது வருஷம் ஒன்பது சட்டை துவைத்தான், முதல் வருஷம் கிழித்துவிட்டான், கடைசி வருஷம் வரைக்கும் சரியாகப் பிழிய வரவில்லை. மடாதிபதி சாகும் வரை அவரைக்காய்தான் சாப்பிட்டார், அவருடைய அங்கி மட்டும் எப்போதும் கடைசி மூட்டையில்தான் வெளுத்து வந்தது.

குன்னில்டா பிறகு இருபத்திரண்டு வருஷம் துவைத்தாள். கடைசி நாலு வருஷம் விரல் மடங்கவில்லை, உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அறுபத்து மூன்றாம் வயதில், ஒரு பனிக்காலத்தில், மார்ச்சளியால் செத்தாள். மடத்துக் கல்லறையில் அவளைப் புதைக்கவில்லை, மடத்து ஏட்டில் அவள் பெயரை எழுதவில்லை. திடலின் மேல் ஓரத்தில், தண்ணீர் வராத இடமாகப் பார்த்து, கூட இருந்த ஆறு பெண்களும் அவளைப் புதைத்தார்கள். மறுநாள் காலை துவைக்கப் போனார்கள்.